ஸைக்கிள் வாங்கப் போகிறீர்களா?

கொடைக்கானல் ஏரியை வாடகை ஸைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். தூரம் ஐந்து கிலோமீட்டர்தான். இறங்கியவுடனே, "நாளைக்கு இதிலேயே பூம்பாறைக்குப் போய்விடுவோம்" என்று வீட்டாரிடம் வீரம் பேசினோம். மறுநாள் காலையில் உட்கார முயன்றபோதுதான் உண்மை விளங்கிற்று. ஆகவே சுமார் இருபது கிலோமீட்டரையும் பஸ்ஸில் நின்றுகொண்டே கடந்தோம்.

குழந்தை வேலப்பரைத் தரிசித்துவிட்டு, படிக்கட்டுகளைப் போல் இறங்கும் பூண்டு வயல்களைப் பார்த்தவாறு யோசித்தோம். பிசகு ஸைக்கிளினுடையதா, நம்முடையதா?

முதலில் சாலையைக் கவனிக்க வேண்டும். பழைய மாதிரி ஸைக்கிளில் முன்சக்கரப் பல் 48, பின்னால் 18 என்று வைத்துக்கொள்வோம். 28 அங்குலச் சக்கரமானால் பெடலை ஒரு முறை சுற்றும்போது வண்டி சுமார் பத்தொன்பதரை அடி நகரும். மதுரைக்கும் சென்னைக்கும் இது பொருத்தமே. மேட்டில் அது முழங்காலைச் சோதித்துவிடும். பின்பல்லை 22 ஆக்கினால் நகர்வது பதினாறு அடிதான். ஆனால் ஏற்றம் இலேசாகும். பூம்பாறைச் சாலைக்கோ பல கியர்கள் உள்ள வண்டியும் நம்பகமான பிரேக்கும் வேண்டும். இரும்பு ரிம்மில் மழை ஈரம் பட்டால் பிரேக் பிடிப்புக் குறையும் என்பதை இறக்கத்தில் மறக்கலாகாது.

நகரவாசிக்கு வேகத்தைவிட முக்கியமானவை வேறு. வேஷ்டியும் புடவையும் சிக்காமலிருக்கச் சங்கிலி மூடி, சேறு தெறிக்காமலிருக்க மட்கார்டு, காய்கறிப் பைக்குக் காரியர், இரவுக்கு விளக்கு, இவை நான்கும் அவசியம். குறுக்குக் கம்பியின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால், கம்பிக்கும் உடம்புக்கும் இடையே ஓர் அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும்.

இனி, நம்மை வாட்டிய ஸீட்டுக்கு வருவோம். அது மெத்தை போல் மிருதுவாகத்தான் இருந்தது. வினையும் அதுவே! உட்காரும்போது உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள். மெத்தை மிகவும் அமுங்கினால் எலும்பு உள்ளே புதைந்து, நடுவிலுள்ள மென்மையான பாகங்கள் நெரிபடும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அகலமான, ஸ்பிரிங் வைத்த ஸீட் நல்லது. குனிந்து ஓட்டுபவருக்குக் குறுகியது போதும். தோல் ஸீட் நாளடைவில் உடம்புக்கேற்பப் படியும். ஆனால் மழையில் நனைய விடக்கூடாது.

உயரத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பெடல் அடியில் இருக்கையில் குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும். ஸீட்டின் மூக்கு வானத்தையும் பார்க்க வேண்டாம், பூமியையும் பார்க்க வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி: ஸைக்கிள் யாருக்கு? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம், எழுத்தோடு ஸைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிதும் ஊக்கமளித்தார். பெண்களுக்கான ஸைக்கிள் தட்டுப்பட்டபோது அவர்கள் ஆண்கள் ஸைக்கிளையே ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமென்று அதையே விரும்பியவர்களும் உண்டு. தண்ணீருக்கும் சந்தைக்கும் போக, பஸ்ஸையோ வீட்டு ஆண்களையோ எதிர்பார்க்கும் நிலை அவர்களுக்குக் குறைந்தது.

ஆகவே, நேயர்களே, கடைக்குப் போகும்போது வீட்டுப் பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். கடைக்காரர் முகம் சற்றுக் கோணினாலும், ஒவ்வொருவரும் கால்மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். கடை வாசலில் எந்த ஸீட்டும் சுகமாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் அதன் குணம் தெரியும் என்பதற்கு, பூம்பாறை பஸ்ஸில் நின்றுகொண்டே போன நாமே சாட்சி.