சாகச வீரனுக்கும் வீட்டுச் செலவு உண்டு!

பூதத்தைக் கொன்றாயிற்று. புதையலும் கைக்கு வந்துவிட்டது. குகையை விட்டு வெளியே வந்த வீரன் அடுத்தபடியாக எங்கே போவான்?

கதையானால் "சுபம்" என்று போட்டு முடித்துவிடலாம். ஆனால், மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் ஆட்டத்தில் அது நடக்காது. ஆட்டம் அடுத்த வாரமும் தொடரும். அதுவரை வீரன் உண்ண வேண்டும், உறங்க வேண்டும், பட்ட காயம் ஆற வேண்டும்.

தெய்வம் தரும் பாதி

இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்". அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் சேர்ந்து 1974-ல் இதை வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள்தான்!

வீரனின் வீட்டைப் பற்றி அப்போதே விதி இருந்தது. பல வெற்றிகள் கண்ட போர்வீரன் கோட்டை கட்டிப் பிரபு ஆகலாம். குடிமக்களிடம் ஆண்டுக்குத் தலைக்கு 10 பொற்காசு வரி வாங்கலாம். சமய குருவுக்கோ இன்னும் யோகம். அவர் 1,00,000 பொற்காசு செலவிட்டால், 2,00,000 பெறுமானக் கோட்டை எழும்பும். மீதி, தெய்வத்தின் உதவி!

மாதச் செலவு

சும்மா இருந்தாலும் செலவு நிற்காது. 1979-ல் வந்த விதிநூல், வீரனின் தகுதிப் படி ஒவ்வொன்றுக்கும் மாதம் 100 பொற்காசு செலவு என்று கணக்குப் போட்டது. ஐந்தாம் படியில் இருப்பவனுக்கு மாதம் 500! பை காலியானால்தானே மறுபடியும் குகைக்குக் கிளம்புவான்?

2014-ம் ஆண்டுப் பதிப்பு இதை நாள் கணக்காக்கியது. ஏழையாக வாழ 2 வெள்ளிக் காசு. எளிமையாக வாழ 1 பொற்காசு. செல்வராக வாழ 4. பிரபுவாக வாழ 10-க்குக் குறையாது.

கடனில் ஓடும் கப்பல்

1977-ல் வந்த "டிராவலர்" ஆட்டத்தில் வீரர்களுக்கு விண்கப்பலே வீடு. அதைக் கடனில் வாங்கினால் 480 மாதத் தவணை. அதாவது, 40 ஆண்டுகள்! தவணை கட்டவே சரக்கு ஏற்றி, ஆபத்தான வேலைகளையும் ஒப்புக்கொள்கிறார்கள்.

குளிர் காலத்துக் கவலை

இங்கிலாந்தின் ஆர்தர் மன்னர் கதையை வைத்து கிரெக் ஸ்டாஃபோர்டு அமைத்த "பெண்டிராகன்" 1985-ல் வந்தது. அதில் ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் வீரன் வீடு திரும்புகிறான். நிலத்தில் என்ன விளைந்தது? குதிரை பிழைத்ததா? குழந்தை பிழைத்ததா? எல்லாவற்றையும் பகடையே சொல்லும். வீரனுக்கும் வயதாகும், மூப்பு வலிமையைத் தின்னும். அவன் மாண்டால் மகன் வாளை ஏந்துவான். ஆட்டக்காரர் இனி மகனாக ஆடுவார்.

வீடு இல்லாத வீரனுக்கு இழப்பதற்கு உயிர் ஒன்றுதான். வீடு வந்ததும் மனைவி, மக்கள், வயல், நம்பியிருக்கும் குடிகள் என்று கவலைகள் சேருகின்றன. அதன் பிறகே அவன் வாளுக்குப் பொருள் உண்டாகிறது. புதையல் தேடிப் போனவன், காவல் காக்கக் கற்றுக்கொள்கிறான்.

2024-ல் வந்த "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" விதிநூலில், ஐந்தாம் படியை எட்டும் வீரன் தனக்கென ஓர் இருப்பிடம் அமைத்துக்கொள்ளலாம். ஐம்பது ஆண்டுகள் ஆன பின்னும், பூதங்களை வென்றவன் கேட்பது ஒரு சொந்த வீடுதான்!