மதனகாமப்பூ: மேற்குத் தொடர்ச்சி மலையின் சைகஸ்

மேற்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர் காடுகளில், பாறை மிகுந்த சரிவுகளில் வளர்வது சைகஸ் சர்சினாலிஸ். தெற்கு மகாராஷ்டிரத்தில் தொடங்கி கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு வரை அதன் எல்லை. இந்தியாவுக்கு வெளியே அது இயற்கையாக வளர்வதில்லை. தமிழ்நாட்டில் மதனகாமப்பூ என்றும், கேரளத்தில் ஈந்து என்றும் வழங்கப்படுகிறது. உச்சியில் மட்டும் இலைக்கொத்து விரிந்திருப்பதால் தூரத்தில் பனை வகைபோலத் தெரியும். ஆனால் பனைக்கும் இதற்கும் உறவில்லை. பனை பூத்துக் காய்க்கும் தாவரம். சைகஸுக்குப் பூவும் இல்லை, கனியும் இல்லை. மூடிக்காக்கும் சூலகம் இல்லாமல் விதைகள் வெளியே தெரியும்படி வளர்கின்றன.

டச்சு ஆளுநர் வான் ரீட் கேரள வைத்தியர்களின் துணையோடு தொகுத்த ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’ நூலின் மூன்றாம் தொகுதி 1682இல் வெளிவந்தது. இந்த மரம் ‘தொட்ட பன்ன’ என்ற பெயரில் படங்களோடு அதில் இடம்பெற்றது. 1753இல் லின்னேயஸ் அதையே ஆதாரமாகக் கொண்டு அறிவியல் பெயர் சூட்டினார். பின்வந்தவர்கள் தென்கிழக்கு ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் உள்ள ஒத்த தோற்றமுடைய சைகஸ்களையும் இதே பெயரில் சேர்த்துவிட்டார்கள். குவாம் தீவின் மரம் சைகஸ் மைக்ரோனேசிகா என்று தனி இனமாகப் பெயர் பெற்றது 1994இல்தான். அதற்கு முந்தைய ஆய்வுகளில் சர்சினாலிஸ் என்ற பெயரைக் கண்டால், அது எந்த நாட்டு மரத்தைக் குறிக்கிறது என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

அடிமரம் பெரும்பாலும் கிளைக்காமல் நேராக உயரும். உதிர்ந்த இலைகளின் அடிப்பகுதிகள் அதன்மேல் கவசமாக ஒட்டி நிற்கும். கோடையில் காட்டுத்தீ கடந்துபோனாலும் தண்டின் உட்புறமும் நுனிக்குருத்தும் தப்பிப்பது இக்கவசத்தால்தான். இலைகள் ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளும். ஒவ்வொன்றிலும் இருபுறமும் குறுகிய சிற்றிலைகள் அடர்ந்திருக்கும். ஒரு சிற்றிலைக்கு ஒரே ஒரு நடுநரம்பு; பக்க நரம்புகள் கிடையாது. இளம் சிற்றிலைகள் பெரணியின் குருத்தைப்போலச் சுருண்டிருந்து விரிகின்றன. இலைகள் ஒவ்வொன்றாக வருவதில்லை, ஒரு கொத்தாக ஒரே சமயத்தில் வெளிப்படுகின்றன. அந்தச் சில வாரங்கள்தான் மரத்தின் வாழ்வில் மிக மென்மையான காலம்.

மண்ணுக்கடியில் இன்னொரு வியப்பு இருக்கிறது. ஆணிவேரும் பக்கவேர்களும் போக, தரைமட்டத்தை ஒட்டி மேல்நோக்கிக் கவைகவையாகப் பிரியும் பவழவேர்களும் உண்டு. அவற்றின் உள்ளே நாஸ்டாக், அனபீனா போன்ற நீலப்பசும்பாசிகள் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாவரம் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றித் தருகின்றன. சத்தில்லாத பாறைச் சரிவில் சைகஸ் நிலைத்திருப்பதற்கு இக்கூட்டுவாழ்வு பெரிய காரணம்.

ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இனப்பெருக்க வயதை அடையும்வரை எது ஆண், எது பெண் என்று வெளித்தோற்றத்தால் சொல்ல முடியாது. ஆண் மரத்தின் உச்சியில் ஓரடிக்கும் மேல் நீளமான ஒற்றைக் கூம்பு தோன்றும். தண்டின் வளர்நுனியே கூம்பாக மாறிவிடுவதால், பக்கத்தில் எழும் புதிய மொட்டுதான் அடுத்த இலைக்கொத்தைத் தர வேண்டும். பெண் மரத்தில் முழுமையான கூம்பே உருவாவதில்லை. இலை போன்ற தடித்த சூலிலைகள் உச்சியைச் சுற்றி வளையமாக விரிந்து, விளிம்புகளில் சூல்களைத் தாங்குகின்றன. வளர்நுனி நடுவே தப்பிப் பிழைத்து, மறுமுறை அதன் வழியாகவே இலைகளை விடுகிறது.

முதிர்ந்த ஆண் கூம்பு வெப்பத்தை வெளியிட்டுக் கடுமையான மணம் வீசும். அதை நாடி வரும் வண்டுகளும், ஓரளவு காற்றும், மகரந்தத்தைப் பெண் மரத்துக்குக் கொண்டு சேர்க்கின்றன. அதோடு காரியம் முடிவதில்லை. மகரந்தக்குழாய் மாதக்கணக்கில் சூலுக்குள் வேர்போல ஊன்றி உணவு உறிஞ்சுகிறது. கடைசியில் குழாய் வெடிக்க, ஆயிரக்கணக்கான நுண்ணிழைகள் கொண்ட விந்தணுக்கள் வெளிவந்து முட்டையை நோக்கி நீந்துகின்றன. ஜப்பானில் இகேனோ என்ற ஆய்வாளர் இதை 1896இல் சைகஸ் ரெவொலூட்டாவில் கண்டறிந்தார். விதைத் தாவரங்களில் நீந்தும் விந்தணு இன்று எஞ்சியிருப்பது சைகஸ் கூட்டத்திலும் ஜிங்கோவிலும் மட்டுமே. இந்த நீண்ட வழி மகரந்தத்தில்தான் தொடங்குகிறது என்பதால், ஆண் மரம் அருகில் இல்லாமற்போனால், பெண் மரம் எத்தனை ஆண்டு நின்றாலும் முளைக்கும் விதை தராது.

விதை நச்சுள்ளது. கல்லீரலைக் கெடுத்துப் புற்றுநோயையும் தூண்டக்கூடிய சைகாசின் அதில் இருக்கிறது. இலையும் தண்டும் கூட நச்சுத்தன்மை உடையவை. ஆனாலும் மலைவாழ் மக்கள் தலைமுறைகளாக விதையை உலர்த்தி, நீரில் ஊறவைத்து, பலமுறை நீர் மாற்றி மாவாக்கி உண்டுவந்தார்கள். மலபாரில் ஈந்து மாவில் செய்யும் ஈந்தின்பிடி இன்றும் பெயர்பெற்ற உணவு. இந்தப் பதப்படுத்தும் அறிவில் ஒரு படியைத் தவறவிட்டாலும் ஆபத்து. கேட்டறிந்த குறிப்பை வைத்து வீட்டில் முயன்று பார்க்கவே கூடாது.

தோட்டத்தில் வளர்க்க முதல் தேவை நீர் தேங்காத மண். மணலும் மக்கிய இலையும் கலந்த செம்மண் நன்கு பொருந்தும். களிமண்ணில் தண்டின் அடி அழுகிவிடும். இளஞ்செடிக்கு அரைநிழல் தேவை, வளர்ந்தது வெயிலையும் வறட்சியையும் தாங்கும். கடுங்குளிரும் உறைபனியும் ஆகாது. விதையின் சதைப்பகுதியை நீக்கிக் கழுவி, பாதி வெளியே தெரியும்படி மணலில் படுக்கவைத்து விதைக்க வேண்டும். கையுறை அணிவது நல்லது. விதை உதிரும்போது கரு முழுமை பெற்றிருக்காது என்பதால் முளைக்கச் சில மாதங்கள் ஆகும். புதுக்குருத்து விரியும் வாரங்களில் செடியை இடம் மாற்றக் கூடாது. அதே வாரங்களில்தான் ‘பாண்டவா’ என்னும் சிறு நீல வண்ணத்துப்பூச்சியும் குருத்தில் முட்டையிடுகிறது. கவனிக்காவிட்டால் புழுக்கள் ஒரு கொத்து இலையையும் தின்று தீர்த்துவிடும். இலைகளின்மேல் வெள்ளைப் பொடியாகப் படரும் செதில்பூச்சி அதைவிடக் கொடியது. கடுமையாகத் தாக்கினால் மரத்தையே கொன்றுவிடும்.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை அழியும் நிலையில் உள்ளவற்றில் வைத்திருக்கிறது. காடு சுருங்குவதும், அலங்காரத்துக்காக இலை வெட்டுவதும் காரணங்கள்தாம். ஆனால் ஆண் கூம்பை அறுப்பது இவற்றைவிட ஆழமாகத் தாக்குகிறது. நாட்டு மருந்துக் கடைகளில் ‘மதனகாமப்பூ’ என்று விற்கப்படுவது அக்கூம்பின் செதில்களே. மகரந்தம் உதிருமுன் கூம்பை அறுத்தால், சுற்றியுள்ள பெண் மரங்களுக்கு அந்த ஆண்டு விதையில்லை. அறுக்கும் கத்தி பக்கமொட்டில் பட்டால் ஆண் மரத்தின் வளர்ச்சியும் தடைபடும். மெதுவாக வளரும் மரத்தில் இந்த இழப்பு எளிதில் ஈடாகாது. ஆந்திரத்தின் சேஷாசலம் பகுதியில் வாழும் சைகஸ் பெட்டோமியின் கூம்பும் இப்படியே மருந்துக்காக அறுக்கப்பட்டது. அந்த இனம் இன்று அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளது; சர்சினாலிஸ் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வீட்டுக்குச் சைகஸ் வாங்குவோர், அது விதையிலிருந்து நாற்றங்காலில் வளர்த்ததா, காட்டிலிருந்து தோண்டியதா என்று கேட்டு, நாற்றங்கால் செடியை மட்டுமே வாங்க வேண்டும்.