தன்னார்வக் கல்வி: வகுப்பு எந்தத் தெருவில் நடக்கிறது?

கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. பள்ளி நேரம் முடிந்தபின், 1 முதல் 8ஆம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தருவது அதன் ஏற்பாடு. ஊக்கத்தொகையாக மாதம் 1,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. தொடக்க வகுப்புகளுக்கு 12ஆம் வகுப்புத் தேர்ச்சியும், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பட்டமும் தகுதிகளாக வைக்கப்பட்டன. ஆகவே, சுரண்டை காமராசர் அரசு கலைக் கல்லூரி போன்றவற்றில் பயிலும் இளங்கலை மாணவரும் தொடக்க வகுப்புகளை நடத்தத் தகுதி பெற்றனர்.

வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத, தனிப்பயிற்சிக்குப் பணமில்லாத தலித் குழந்தைக்கு இத்தகைய வகுப்பின் தேவை மிக அதிகம். ஆயினும் பள்ளிக்கு வெளியே நடக்கும் வகுப்பு, ஊரின் சாதி எல்லைகளுக்கு உள்ளேதான் நடக்கிறது.

சுரண்டை அமைந்துள்ள இதே தென்காசி மாவட்டத்தின் பாஞ்சாகுளத்தில், 2022 செப்டம்பரில், ஊர்க் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டித் தலித் பள்ளிக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்தார் ஒரு கடைக்காரர். காணொளி பரவிய பின்னரே கைது நடவடிக்கை வந்தது. மிட்டாய் வாங்கவே தடையுள்ள தெருவில், ஒரு வீட்டுத் திண்ணையில் நடக்கும் வகுப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாகிவிடுமா? காலனிக்குத் தனி வகுப்பு, ஊருக்குத் தனி வகுப்பு என்று பிரிந்தால், பள்ளி ஓரளவேனும் கலைத்த பிரிவினையை மாலை வகுப்பு மீண்டும் கட்டிவிடும்.

பள்ளியும் சாதிக்கு அப்பாற்பட்டதன்று. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதி அடையாளக் கயிறுகளைத் தடை செய்யவும் பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிப் பெயர்களை நீக்கவும் பரிந்துரைத்தது. இந்தக் கவனம் மாலை வகுப்புகளுக்கும் வேண்டும்.

செய்ய வேண்டியவை எளியவை. வகுப்புகள் பள்ளி வளாகத்திலோ அனைவரும் தடையின்றி நுழையும் பொதுக் கட்டடத்திலோ நடக்க வேண்டும். தலித் கல்லூரி மாணவர்கள் காலனிக்கு மட்டுமன்றி எல்லாக் குழந்தைகளுக்கும் ஆசிரியராக அமர்த்தப்பட வேண்டும். தலித் இளைஞரிடம் எழுத்துக் கற்ற குழந்தையிடம் சாதித் திமிர் எளிதில் வேர்விடாது. தன்னார்வலர் இருப்பதைக் காட்டி ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் விடவும் கூடாது. மாணவர் தருவது துணை. கல்வி தருவது அரசின் கடமை.