சிவப்பு எழுத்து காட்டாத பிழைகள்

பூனை ஆப்பிளைத் தொட்டால் ஸ்கோர் ஒன்று கூட வேண்டும். பிளாக்குகளைக் கோத்து நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் மொழியைக் கற்கும் பிள்ளைகள் பலர் தொடக்கத்தில் செய்து பார்க்கும் விளையாட்டு இது. நிரலை ஓடவைக்கும் பச்சைக் கொடிக்குக் கீழே ஓர் 'இஃப்' பிளாக், அதன் நிபந்தனையாக 'ஆப்பிளைத் தொட்டால்', உள்ளே 'ஸ்கோரை 1 கூட்டு'. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கின்றன. கொடியை அழுத்தி, பூனையை நகர்த்தி ஆப்பிள் மேல் நிறுத்தியாயிற்று. ஸ்கோர் மட்டும் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை.

பைத்தான் மொழியில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் கணினி வரி எண்ணைச் சொல்லிச் சண்டைக்கு வரும். ஸ்க்ராட்ச் வாயே திறக்காது. அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு 2007இல் இதை வெளியிட்டபோது, இலக்கணப்பிழைக்கே இடமில்லாதபடி அமைத்திருந்தது. பொருந்தாத பிளாக்குகள் ஒட்டவே ஒட்டாது. ஆகவே மிஞ்சுவதெல்லாம் யோசனையில் உள்ள பிழைகள். ஸ்க்ராட்ச் எளிது என்கிறார்கள். கட்டுவது எளிதுதான், கட்டியது ஓடாதபோது காரணம் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் எளிதல்ல.

ஸ்கோர் ஏன் ஏறவில்லை? கொடி அழுத்தப்பட்ட அந்த நொடியில் கணினி ஒரே ஒருமுறை பார்த்தது. பூனை அப்போது ஆப்பிளைத் தொடவில்லை. ஸ்கிரிப்ட், அதாவது கோத்த பிளாக்குகளின் தொடர், அத்துடன் முடிந்துவிட்டது. 'தொட்டால்' என்று நாம் சொல்லும்போது 'எப்போது தொட்டாலும்' என்ற பொருள் நம் மனத்தில் ஓடுகிறது. கணினிக்கு அது தெரியாது. 'இஃப்' பிளாக்கைத் திரும்பத் திரும்ப ஓடவைக்கும் 'ஃபாரெவர்' லூப்புக்குள் வைத்தால் இந்தப் பிழை தீரும், அடுத்த பிழை பிறக்கும். அந்த லூப் நொடிக்குச் சுமார் 30 முறை சுழல்கிறது. பூனை ஒரு நொடி ஆப்பிள் மேல் நின்றால் ஸ்கோர் முப்பதை எட்டிவிடும். தொட்டவுடன் ஆப்பிளை வேறு இடத்துக்குத் துரத்திவிடுவது இதற்கு வழி.

இதேபோல் இன்னொன்று. பூனை நடமாடும் மேடையின் கிடையச்சு −240 முதல் 240 வரை. பூனை பூஜ்யத்திலிருந்து ஏழேழு அடியாக நடக்கிறது, 'எக்ஸ் 100 ஆனால் நில்' என்று கட்டளை. பூனை நிற்காது. 98இலிருந்து 105க்குத் தாவிவிட்டது. நூறை அது மிதிக்கவே இல்லை. சமம் என்பதற்குப் பதில் 'நூறைவிடப் பெரிது' என்று வைத்தால் நிற்கும்.

தேடுவதற்கான கருவிகள் திரையிலேயே இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டைச் சுற்றி மஞ்சள் ஒளி தெரியும். அது அணைந்திருந்தால் ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஆப்பிள் பிழையில் முதலில் பார்க்க வேண்டியதே இதைத்தான். எந்த பிளாக்கையும் தனியாகப் பிரித்தெடுத்துக் கிளிக் செய்து ஓட்டலாம். 'ஆப்பிளைத் தொட்டால்' என்ற நிபந்தனையைக் கிளிக் செய்தால் உண்மையா பொய்யா என்று அங்கேயே காட்டிவிடும். நீளமான ஸ்கிரிப்டைப் பாதியில் பிரித்து, மேல்பாதியை மட்டும் ஓட்டினால் பிழை எந்தப் பாதியில் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இந்த வித்தைகளுக்குச் சிக்காத பிழை ஒன்று உண்டு. ஒரே பச்சைக் கொடிக்குக் கீழ் இரண்டு ஸ்ப்ரைட்டுகளின் (பூனை, ஆப்பிள் போன்ற உருவங்களின்) ஸ்கிரிப்டுகள். ஒன்று பட்டியலை அழிக்கிறது, மற்றது அதில் பெயர்களைச் சேர்க்கிறது. எது முந்தும்? ஸ்ப்ரைட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வரிசை மாறினாலே விடையும் மாறலாம். நேற்று ஓடியது இன்று ஓடாது. அழித்து முடித்த பிறகு ஒரு செய்தியை 'பிராட்காஸ்ட்' செய்து, அது கிடைத்த பின் சேர்க்கச் சொல்வதுதான் சரி.

இதைச் சின்னப் பிள்ளைகளின் சிக்கல் என்று தள்ளிவிட முடியாது. தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தில் ஒரே நேரத்தில் ஓடிய நிரல் பகுதிகள் இப்படி முந்திக்கொண்டதும் ஒரு காரணமாகி, 1985-87இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அளவு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தார்கள். டெக்சஸின் டைலர் நகர மருத்துவமனையில், திரையில் பதிந்ததை ஆபரேட்டர் மிக வேகமாகத் திருத்தியபோதுதான் பிழை தலைகாட்டியது. அங்கிருந்த இயற்பியலாளர் அதே ஆபரேட்டரைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்ய வைத்து, பிழையை வேண்டுமென்றே வரவழைத்தார். விரும்பியபோது வரவழைக்க முடிந்த பிழை பாதி பிடிபட்ட பிழை.

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலும் ஸ்க்ராட்ச் இடம்பெற்றிருக்கிறது. மேடை, ஸ்ப்ரைட், ஸ்கிரிப்ட் என்று உறுப்புகளின் பெயர்களைச் சொல்லித்தருவது நல்லதே. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதோடு, ஓடாத ஸ்கிரிப்ட் ஒன்றையும் மாணவர்களிடம் கொடுங்கள். 'என்ன நடக்கும் என்று நினைத்தாய், என்ன நடந்தது?' என்று மட்டும் கேளுங்கள். விடை வரும்வரை மவுஸைக் கையில் வாங்காதீர்கள்.