பெண்ணின் கையில் ஒரு காவல்

நோயைத் தடுக்கும் சாதனம் கணவன் கையில் மட்டும் இருந்து, அவன் அதனை விரும்பாதவனாகவும் இருப்பின், மனைவி தன்னைக் காத்துக்கொள்வது எங்ஙனம்? எயிட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரசு ஆபிரிக்க நாடுகளிற் பரவிய காலந்தொட்டு வைத்திய அறிஞர்களின் சிந்தையை வருத்திய கேள்வி இது. ஆணுறை நல்ல காவலே. ஆயினும் அதனை அணிவதும் மறுப்பதும் ஆடவன் விருப்பம். அணியுமாறு மனைவி கேட்டாலே ஐயமும் சச்சரவும் மூளும் இல்லங்கள் எத்தனையோ உள.

இதற்கு விடையாகப் பிறந்ததே, பெண் தானே உபயோகிக்கத்தக்க தடுப்பு மருந்து என்னும் எண்ணம். 'ஜெல்' என வழங்கும் பாகு போன்ற மருந்தை யோனியினுள் இட்டுக்கொண்டால், வைரசு புகும் வாசலிலேயே தடைபடும் என அறிஞர் எதிர்பார்த்தனர். எளிதாகத் தோன்றும் இவ்வெண்ணத்தை நிறைவேற்ற அவர்கள் பட்ட பாடு பெரிது.

தொடக்கத்திற் சோதிக்கப்பட்டவற்றுள் ஒன்று, கருத்தடைக்கு நெடுங்காலம் பயன்பட்டுவந்த நொனொக்சினோல்-9 என்னும் பொருள். ஆய்வுகூடத்தில் அது வைரசை அழித்தது. ஆனால் 2000ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரிற் கூடிய எயிட்ஸ் மாநாட்டில் வெளியான முடிவு யாவரையும் திடுக்கிடச் செய்தது. அதனை அடிக்கடி உபயோகித்த பெண்களிடையே தொற்று குறையவில்லை, மிகுந்தது! வைரசின் உறையைக் கரைத்த அப்பொருள், யோனியின் மெல்லிய தோலையும் புண்படுத்தி, கிருமிக்கு வழி திறந்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதையாயிற்று. பின்னர், கடற்பாசியிலிருந்து எடுத்த கராகார்ட் என்னும் ஜெல் தீங்கு செய்யவில்லையாயினும், பயனும் தரவில்லை என்பது 2008இல் தெளிவாயிற்று.

இந்நிலையில் டேர்பனைச் சேர்ந்த தம்பதியரான ஆய்வாளர் குவாரைஷா அப்துல் கரீமும் சலீம் அப்துல் கரீமும் வேறு வழியை நாடினர். எச்.ஐ.வி. நமது உயிரணுவினுட் புகுந்ததும், தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் படியெடுத்தாலன்றிப் பெருகமாட்டாது. அப்படியெடுப்பைத் தடுக்கும் டெனோபோவிர் என்னும் மருந்து, நோயாளர்க்கு மாத்திரையாக முன்னரே வழங்கப்பட்டு வந்தது. அதனையே நூற்றுக்கு ஒரு பங்காகக் கலந்த ஜெல்லை அவர்கள் சோதித்தனர்.

டேர்பன் நகரிலும், வுலிண்ட்லேலா என்னும் கிராமப் பகுதியிலும் 889 பெண்கள் இச்சோதனையிற் பங்குகொண்டனர். ஒரு பாதியினர்க்கு மருந்து ஜெல்லும், மறுபாதியினர்க்கு மருந்தற்ற வெறும் ஜெல்லும் அளிக்கப்பட்டன. அனைவர்க்கும் ஆணுறையும் ஆலோசனையும் வழங்கப்பட்டன. உறவுக்கு முந்திய 12 மணி நேரத்துள் ஒரு முறையும், பிந்திய 12 மணி நேரத்துள் மறு முறையும் ஜெல்லை இட்டுக்கொள்ளல் வேண்டும். வெறும் ஜெல் பெற்றோருள் 60 பேருக்குத் தொற்று ஏற்பட, மருந்து பெற்றோருள் 38 பேருக்கே அது ஏற்பட்டது. அதாவது நூற்றுக்கு 39 வீதம் குறைவு. பிறப்புறுப்பிற் கொப்புளம் எழுப்பும் ஹேர்ப்பிஸ் வைரசும் 51 வீதம் குறைந்திருந்தது. 2010 யூலையில் வியன்னா மாநாட்டில் இச்செய்தி வெளியானபோது அவையோர் எழுந்து நின்று கரகோஷம் செய்தனர்.

ஆயினும் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தென்னாபிரிக்கா, உகண்டா, சிம்பாப்வே ஆகிய நாடுகளில் நடந்த பெரியதொரு சோதனையில், நாள்தோறும் இடவேண்டிய ஜெல் பயனளிக்காமையால், 2011 நவம்பரில் அப்பகுதி நிறுத்தப்பட்டது. 2015இல் முடிவு வெளியான மற்றொரு தென்னாபிரிக்கச் சோதனையும் அவ்வாறே தோல்வியுற்றது.

மருந்து வலுவிழந்ததோ? அன்று. தவறாது உபயோகித்ததாகவே பெண்களிற் பெரும்பாலோர் கூறினர். ஆனால் முதற் கூறிய சோதனையில் ஜெல் பெற்றோரின் இரத்த மாதிரிகளில் நாலிலொரு பங்கில் மாத்திரமே மருந்து காணப்பட்டது. ஏனையோர் அதனை ஒழுங்காக இடவில்லை. அவர்களைப் பொய்யர் எனத் தள்ளிவிடாது, காரணத்தை ஆய்வாளர் பொறுமையாக வினவினர். நோயாளர் உண்ணும் மருந்தாதலால், தமக்கே நோய் உண்டென ஊரார் எண்ணுவரே எனச் சிலர் அஞ்சினர். துணைவனின் சினத்துக்குச் சிலர் அஞ்சினர். 2015இன் சோதனையிற் பங்குகொண்டோருட் பலர் மணமாகாது, பெற்றோருடனும் உடன்பிறந்தோருடனும் வாழ்ந்த இளம் பெண்கள். நெருக்கமான வீட்டில் மருந்துப் பெட்டியை எங்கே மறைப்பது? எப்போது தனிமை கிடைக்கும்? ஆய்வுகூடத்தில் எழாத கேள்விகள் இவை.

அப்பெண்கள் கூறிய விடைகள் வீண்போகவில்லை. மாதம் ஒரு முறை தானே அணிந்துகொள்ளத்தக்க டபிவிரின் வளையத்தை, பெண்களுக்கு மேலுமொரு வழியாக 2021இல் உலக சுகாதார ஸ்தாபனம் விதந்துரைத்தது. ஆண்டுக்கு இரு முறை போடும் லெனகாபவிர் ஊசியைத் தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் 2,134 பெண்கள் பெற்றனர். அவர்களுள் ஒருவருக்கேனும் எச்.ஐ.வி. தொற்றவில்லை என 2024இல் அறிவிக்கப்பட்டது. மறைக்கப் பெட்டியுமில்லை, நாள்தோறும் நினைவூட்டவும் வேண்டியதில்லை. ஆயினும் இவை எச்.ஐ.வி. ஒன்றையே தடுப்பன, ஏனைய பால்வினை நோய்களுக்கு ஆணுறை இன்றும் வேண்டப்படுவதே.

டெனோபோவிர் ஜெல் கடைக்கு வரவில்லை. எனினும், பெண்ணொருத்தி எவரிடமும் இரந்து நில்லாது தன்னைத் தானே காத்துக்கொள்ளல் கூடும் என்பதை முதன்முதல் மெய்ப்பித்தது அதுவே. விஞ்ஞானம் பயிலும் மாணவர் இதனை மனத்திற் கொள்ளல் நன்று: மருந்தைக் கண்டுபிடித்தல் பாதி வேலை, அதனை உபயோகிப்போரின் வீட்டையும் அச்சத்தையும் அறிதல் மறுபாதி.