பர்கண்டி திராட்சைத் தோட்ட மிதிவண்டித் தடங்கள்

பர்கண்டி திராட்சைத் தோட்ட மிதிவண்டித் தடங்கள் என்பவை, பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியில் உள்ள பர்கண்டி (பிரெஞ்சு ஒலிப்பில் பூர்கோஞ்) வட்டாரத்தில், வைன் தயாரிப்புக்காகத் திராட்சை பயிரிடப்படும் குன்றுச் சரிவுகளின் ஊடாகச் செல்லும் அமைதியான மிதிவண்டிப் பாதைகள் ஆகும். இவற்றுள் போன் நகரிலிருந்து சாந்த்னே வரை செல்லும் திராட்சைக்கொடி வழியும், ஜிவ்ரியிலிருந்து குளூனி வரை செல்லும் பசுமை வழியும் பரவலாக அறியப்பட்டவை. இப்பாதைகளுட் பெரும்பாலானவை மிதிவண்டிக்கெனப் புதிதாக வெட்டப்பட்டவை அல்ல. உழவர்களின் வண்டிப்பாதை, கைவிடப்பட்ட தொடர்வண்டிப் பாதை, கால்வாய்க் கரை ஆகிய மூன்றும் மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரப்பட்டதன் விளைவே இவ்வலையமைப்பு ஆகும்.

புவியியல்

இத்தடங்கள் கோத்-தோர், சோன்-ஏ-லுவார் ஆகிய இரு மாவட்டங்களில் அமைந்துள்ளன. 2016ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் முதல் இவை பூர்கோஞ்-பிராஞ்சு-கோந்தே என்னும் நிருவாக வட்டாரத்தின் பகுதிகளாக உள்ளன. திசோன் நகருக்குத் தெற்கே தொடங்கும் நீண்ட, ஒடுங்கிய குன்றுச் சரிவின் பெரும்பகுதி கிழக்கு அல்லது தென்கிழக்கு நோக்கியது. இதனால் காலை வெயில் கொடிகளுக்கு நேரடியாகக் கிடைக்கிறது. சுண்ணக்கல்லும் களிமண்ணும் வெவ்வேறு அளவுகளில் கலந்த மண் இங்கு காணப்படுகின்றது. சிவப்பு வைனுக்குப் பினோ நுவார் வகையும், வெள்ளை வைனுக்குச் சார்டோனே வகையும் முதன்மையாகப் பயிரிடப்படுகின்றன.

சில மீட்டர் தொலைவிலேயே மண்ணும் சரிவும் மாறுவதால், தோட்டங்கள் மிகச் சிறு நிலத்துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனிப்பெயரால் வழங்கப்படுகின்றது. இத்துண்டுகள் கிளிமா எனப்படுகின்றன. 1,247 கிளிமாக்களைக் கொண்ட இந்நிலப்பரப்பை யுனெசுக்கோ 2015ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

பாதைகள் அமைதியாக இருப்பதன் காரணம்

இவ்வட்டாரத்தின் போக்குவரத்து, ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இணையாகச் செல்லும் சில வழிகளில் பிரிந்து செல்கின்றது. தொலைதூர வண்டிகள் சமவெளியில் உள்ள விரைவுச்சாலைகளையும், ஊர்களுக்கு இடையிலான வண்டிகள் சரிவின் அடிவாரத்தை ஒட்டிய டி974 சாலையையும் பயன்படுத்துகின்றன. தொடர்வண்டிப் பாதையும் சமவெளியிலேயே அமைந்துள்ளது. எனவே, சரிவின் மேற்பகுதியில் உள்ள ஒடுங்கிய தோட்டப் பாதைகளுக்குத் தோட்ட வேலைக்கு வருவோரைத் தவிர வேறு போக்குவரத்து மிகக் குறைவு.

மேலும், இங்கு நிலத்தின் விலை மிக உயர்ந்தது. புகழ்பெற்ற மோன்ராஷே தோட்டத்தின் முழுப் பரப்பும் ஏறத்தாழ 8 எக்டேர் மட்டுமே. ஒவ்வொரு வரிசைக் கொடியும் மதிப்புடையதாக இருக்கும் இடத்தில் பாதையை அகலப்படுத்த எவரும் முன்வருவதில்லை. பாதைகள் குறுகலாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

திராட்சைக்கொடி வழி

இது போன் நகரில் தொடங்கி, பொம்மார், வோல்னே, மெர்சோ, புலினி-மோன்ராஷே, சசாஞ்-மோன்ராஷே ஆகிய ஊர்ப் பகுதிகளைக் கடந்து சாந்த்னேயை அடைகின்றது. இதன் நீளம் ஏறத்தாழ 22 கி.மீ. ஆகும். தொலைவு குறைவாயினும் தடம் சமதளமானது அன்று. ஊர்களுக்கிடையே சிறுசிறு ஏற்றங்களும் இறக்கங்களும் தொடர்ந்து வருகின்றன.

இவ்வூர்களின் பெயர்களே தோட்டங்களின் மதிப்பைக் காட்டுவன. புலினி, சசாஞ் ஆகிய இரு ஊர்களின் எல்லையில் மோன்ராஷே தோட்டம் அமைந்துள்ளது. 1879ஆம் ஆண்டில் இரண்டு ஊர்களும் அத்தோட்டத்தின் பெயரைத் தம் பெயருடன் இணைத்துக்கொண்டன.

தொடக்க ஊரான போன் நகரில் 1443ஆம் ஆண்டில் நிக்கோலா ரோலன் என்பவரும் அவர் மனைவி கிகோன் டி சலானும் ஏழைகளுக்காக நிறுவிய மருத்துவமனைக் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக உள்ளது. காலப்போக்கில் பலர் இம்மருத்துவமனைக்குத் திராட்சைத் தோட்டங்களைக் கொடையாக வழங்கினர். அவற்றில் விளையும் வைன் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையில் ஏலம் விடப்படுகின்றது.

கால்வாய்க் கரைத் தடம்

சாந்த்னேக்குத் தெற்கே நடுவண் கால்வாய் வருகின்றது. லுவார் ஆற்றையும் சோன் ஆற்றையும் இணைக்கும் இக்கால்வாய், பொறியாளர் எமிலான் கோத்தே என்பவரின் திட்டப்படி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டது. முற்காலத்தில் படகுகளை மனிதரும் குதிரைகளும் கரையில் நடந்து கயிற்றால் இழுத்துச் சென்றனர். அதற்கென அமைக்கப்பட்ட கரைப்பாதைகளே இன்று பல இடங்களில் மிதிவண்டித் தடமாகப் பயன்படுகின்றன. நீர்ப்பூட்டுகள் உள்ள இடங்களில் மட்டும் பாதை சற்று உயர்ந்து தாழும். ஏனைய இடங்களில் அது முற்றிலும் சமதளமானது. அத்திலாந்திக்குப் பெருங்கடலையும் கருங்கடலையும் இணைக்கும் நெடுந்தொலைவுத் தடமான யூரோவெலோ 6 இப்பகுதி வழியாகச் செல்கின்றது. இதன்வழி சாஞி ஊரையும் சாலோன்-சுர்-சோன் நகரையும் அடையலாம்.

பசுமை வழி

ஜிவ்ரியிலிருந்து பியூசி, சான்-சாங்கூ, கொர்மாத்தான், தெய்சே வழியாகக் குளூனி வரை செல்லும் 44 கி.மீ. தடம், கைவிடப்பட்ட தொடர்வண்டிப் பாதையின் மீது அமைக்கப்பட்டு 1997ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பிரான்சில் இவ்வகையில் உருவான முன்னோடித் தடங்களுள் இது ஒன்றாகும். நீராவி இயந்திரங்களால் செங்குத்தான ஏற்றங்களில் ஏற முடியாது. ஆதலால் தொடர்வண்டிப் பாதைகள் மிகக் குறைந்த சரிவுடனேயே அமைக்கப்பட்டன. அக்காலப் பொறியியல் கட்டுப்பாடு, சிறுவர்களும் முதியோரும் எளிதில் ஓட்டக்கூடிய பாதையை இன்றைக்குத் தந்துள்ளது.

தொடர்வண்டிப் பாதை கைவிடப்பட்டதும் நிலத்தைத் துண்டுதுண்டாக விற்றுவிடுவது எளிது. அவ்வாறு ஒருமுறை விற்கப்பட்டால், தொடர்ச்சியான ஒரு வழியை மீண்டும் உருவாக்குவது மிகக் கடினம். எனவே, பயனற்றதாகத் தோன்றிய ஒரு நிலப்பட்டையைப் பிரிக்காமல் காத்ததே இத்தடத்தின் அடிப்படை எனலாம்.

குளூனிக்குத் தெற்கே தடம் மாக்கோன் நகரின் அயலிலுள்ள சார்னே வரை தொடர்கின்றது. இடையில் ஏறத்தாழ 1.6 கி.மீ. நீளமுள்ள புவா கிளேர் சுரங்கம் உள்ளது. குளிர்காலத்தில் வௌவால்கள் இச்சுரங்கத்தில் உறங்குவதால், அக்காலத்தில் அது மூடப்படுகின்றது. அப்போது பயணிகள் குன்றின் மேலாகச் செல்லும் மாற்றுவழியைப் பயன்படுத்த வேண்டும்.

சட்ட நிலை

பசுமை வழி என்பது பிரான்சில் சட்டப்படி வரையறுக்கப்பட்ட சொல்லாகும். 2004ஆம் ஆண்டு செப்டம்பர் மாத ஆணை இதனை இயந்திரமற்ற ஊர்திகள், நடந்து செல்வோர், குதிரையில் செல்வோர் ஆகியோருக்கு ஒதுக்கப்பட்ட வழியாக வரையறுத்தது. திராட்சைக்கொடி வழி இதிலிருந்து வேறுபட்டது. அதன் பெரும்பகுதி தோட்ட உழவர்களின் ஊர்திகளும் செல்லும் பொதுப்பாதை ஆகும்.

மிதிவண்டி ஓட்டுநர்களுக்கும் மதுவிதி பொருந்தும். ஒரு லிட்டர் குருதியில் 0.5 கிராம் ஆல்ககால் என்பதே வரம்பு. வைன் சுவைக்கும் நிலையங்கள் வழிநெடுகிலும் உள்ள இவ்வட்டாரத்தில் இது குறிப்பிடத்தக்கது. சுவைப்போர் வைனை வாயில் சுழற்றி, அதற்கென வைக்கப்பட்டுள்ள கலத்தில் உமிழ்வது இங்கு வழக்கமாகும். அது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை. 12 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள் தலைக்கவசம் அணிவது 2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் கட்டாயமாகும்.

உழவர்களும் பயணிகளும்

திராட்சைத் தோட்டம் ஒரு பூங்கா அன்று. அது ஒரு பணியிடம். இங்கு கொடி வரிசைகள் ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியில் நடப்படுவதால், வரிசையின் இருபுறமும் சக்கரங்கள் அமையுமாறு உயரமாகக் கட்டப்பட்ட சிறப்பு டிராக்டர்கள் பயன்படுகின்றன. குறுகிய பாதையில் இவை எதிர்ப்படும்போது மிதிவண்டியில் செல்வோரே ஒதுங்கி வழிவிடுவது முறையாகும். பூஞ்சை நோய்க்கு மருந்து தெளிக்கும் நேரங்களில் அவ்விடத்தைத் தவிர்த்து, வேறு பாதையில் செல்வது நல்லது.

பாதையை விட்டு விலகி வரிசைகளுக்குள் மிதிவண்டி ஓட்டுவதும் தவிர்க்கப்பட வேண்டியதாகும். கனமழையில் சரிவின் மேல்மண் கீழே அடித்துச் செல்லப்படுவது இங்கு பழமையான சிக்கல். கீழே சேர்ந்த மண்ணைத் திரும்ப மேலே சுமந்து கொட்டும் வேலையை உழவர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்து வந்துள்ளனர். மண்ணே கிளிமாவின் அடையாளமாதலால், அதன் இழப்பு ஈடுசெய்ய முடியாதது.

ஏற்ற பருவம்

மே முதல் அக்டோபர் தொடக்கம் வரையான காலம் பயணத்துக்கு ஏற்றது. அறுவடைக் காலத்தில் காட்சி சிறப்பாக இருப்பினும், பாதைகளில் உழவர்களின் ஊர்திகள் மிகுதியாக இருக்கும். அறுவடை நாளை முன்கூட்டியே கணிப்பதும் இப்போது கடினமாகியுள்ளது. போன் நகரின் அறுவடைத் தேதிகள் 1354ஆம் ஆண்டு முதல் ஆவணங்களிலிருந்து திரட்டப்பட்டு, 2019ஆம் ஆண்டில் ஆய்வாக வெளியிடப்பட்டன. அதன்படி, 1987 வரை சராசரியாகச் செப்டம்பர் 28ஆம் நாள் தொடங்கிய அறுவடை, 1988 முதல் சராசரியாக 13 நாட்கள் முன்னதாகவே தொடங்குகின்றது. அண்மைய வெப்பமான ஆண்டுகள் சிலவற்றில் ஆகத்து மாதத்திலேயே அறுவடை தொடங்கியுள்ளது. புவி சூடாதலை மனிதர் பல நூற்றாண்டுகளாக எழுதிவந்த பதிவுகளின் வழியே காட்டும் சான்றுகளுள் இதுவும் ஒன்றாகும்.

போக்குவரத்து வசதி

திசோன், போன், சாஞி, சாலோன்-சுர்-சோன், மாக்கோன் ஆகிய ஊர்கள் ஒரே தொடர்வண்டிப் பாதையில் அமைந்துள்ளன. வட்டாரத் தொடர்வண்டிகளில் மிதிவண்டிகளை ஏற்றிச் செல்லலாம். ஆயினும், அவற்றுக்கான இடம் குறைவாகும். இதனால் ஒரு நிலையத்தில் இறங்கி, தோட்டங்களின் ஊடாக ஓட்டிச் சென்று, மற்றொரு நிலையத்திலிருந்து திரும்பிவிட முடியும். போன் நகரில் மிதிவண்டிகள் வாடகைக்கும் கிடைக்கின்றன.