குனிந்தால் தெரியும் 'சீதையின் கண்ணீர்'

மழைக்காலம் முடியும் தறுவாயில் மும்பை, புனே வாசிகள் சாத்தாராவுக்குக் கிளம்பி விடுகிறார்கள். அங்கிருந்து 25 கிலோ மீட்டர் தூரத்தில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள காஸ் பீடபூமியைப் பார்க்கத்தான்! மேற்குத் தொடர்ச்சி மலையை 2012-ம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இதுவும் அதில் இடம்பெற்றது.

எங்கு நோக்கினாலும் பூக்கம்பளம். அதைப் படம் பிடித்துக்கொண்டு பலர் திரும்பி விடுகிறார்கள். காலடியில் இருக்கும் பூவை அவர்கள் காண்பதில்லை.

பூச்சி தின்னும் செடிகள்

கம்பளத்தின் ஊதா நிறத்துக்குக் காரணம் ஒரு பொடிச் செடி. மராத்தியில் 'சீதேச்சி ஆசவே'. அதாவது, சீதையின் கண்ணீர். பூ சுண்டுவிரல் நகத்தளவுதான். ஆனால் மண்ணுக்கடியில் கடுகிலும் சிறிய பைகளை வைத்திருக்கிறது! நீரில் நீந்தும் நுண்ணிய உயிர் வாசலைத் தொட்டால், பை கண் இமைக்கும் முன் அதை உறிஞ்சி மூடிக்கொள்ளும்.

அருகிலேயே மற்றொரு செடி. இலை முழுவதும் பனித்துளி போன்ற பசை. உட்கார்ந்த பூச்சி எழுந்திருக்காது. தமிழ் வைத்தியர்கள் 'அழுகண்ணி' என்று சொல்லும் இனம் இது. ஒரு மொழியில் கண்ணீர், மறு மொழியில் அழும் கண்!

ஏன் இந்த வேட்டை? செம்பாறை மீது மெல்லிய மண்தான் இருக்கிறது. அதில் சத்து இல்லை. பூச்சியிடமிருந்துதான் பெற வேண்டும்.

கால் பட்டால் போச்சு

இந்தப் பூண்டுகளில் பலவற்றுக்கு ஆயுள் ஒரே மழைக்காலம். ஜூனில் முளைத்து, ஆகஸ்டு, செப்டம்பரில் பூத்து, விதை உதிர்த்துக் காய்ந்துவிடும். விதைக்கு முன் மிதிபட்டால், அந்தச் செடியின் வம்சம் அதோடு முடிந்தது. மிதிப்பவர்களில் படம் எடுக்க வருபவர்களும் உண்டு. ஒரு பூவுக்காக முழங்கால் ஊன்றி, பத்துப் பூக்களை நசுக்கி விடுகிறார்கள்!

படம் எடுக்க விரும்புவோர் பாதையை விட்டு இறங்க வேண்டாம். பாதை ஓரத்திலேயே பூக்கள் இருக்கின்றன. காமிராவை, செல்போனானாலும் சரி, பூவின் மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். மேகம் மூடிய காலை வெளிச்சமே நல்லது. உச்சி வெயிலில் நிறம் வெளுத்துப் போகும். அளவு தெரிய விரலைப் பக்கத்தில் காட்டலாம். பறிக்கக் கூடாது.

காஸ் வரை போக முடியாதவர்களும் ஏங்க வேண்டாம். மழை விட்டதும் வீட்டு மதில் ஓரத்தில் குனிந்து பாருங்கள். தினமும் தாண்டிப் போகும் தும்பை அங்கே பூத்திருக்கலாம்.